பூவை முகராத பிள்ளைகள்

சிமெண்டுத் தரையில் குழந்தைகள் வரிசையாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கின்றன. எல்லோர் கையிலும் ஒரு செம்பருத்திப் பூ. சூடான டம்ளரை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவர்கள்போல எல்லாக் கைகளும் முன்னால் நீண்டிருக்கின்றன. எதிரே மடக்கு நாற்காலியில் மாதர் சங்கத்துச் செயலாளரம்மா.

"எல்லாரும் பூவ மூக்குகிட்ட கொண்டுபோங்க பாக்கலாம். வாசனை இருக்கா, இல்லையா? அதைத்தான் கேக்கறேன்."

ஒரு கைகூட மடங்கவில்லை.

"மோந்து பாருங்க கண்ணுங்களா. பயப்படாதீங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு பயல் கையை இன்னும் கொஞ்சம் தள்ளி நீட்டினான். மூக்குக்கும் பூவுக்கும் நடுவில் போதுமான தூரம் இருக்கட்டும் என்பதுபோல.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். இராத்திரி முழுக்கச் சுரங்கத்தில் நின்றுவிட்டு, காலையில் வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றி, திருநீறு பூசிக்கொண்டு நேரே வந்திருந்தேன். கண் இரண்டும் மிளகாய் வைத்தாற்போல் எரிந்தது. 'போச்சு, கோமதியின் இடம் போச்சு' என்று மனசு அடித்துக்கொண்டது.

மகள் கேட்டது

மழைக்கால ஷிப்டுகளைப் பற்றி நான் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மழையப் பத்தி எழுதுனீங்க. கேன்டீன் போண்டாவப் பத்திகூட ஒரு வாரம் முழுக்க எழுதுனீங்க. அம்மாவப் பத்தி எப்பப்பா எழுதுவீங்க?"

எழுதக் கூடாது என்றில்லை. எழுத உட்கார்ந்தால் கை வேறு பக்கம் போய்விடுகிறது. இந்த வாரம் முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோமதி என் மனைவி. நாங்கள் இரண்டு பேருமே சங்கரன்கோயில் பக்கம். எனக்கு நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில், கரி ஓடும் பெல்ட்டைக் கவனிக்கும் அட்டெண்டராக வேலை பெர்மனென்ட் ஆனதும் கல்யாணம் செய்து அழைத்து வந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். எங்கள் பிளாக்கில் பிள்ளையார் கோயிலை ஒட்டி ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருந்தது. மாதர் சங்கம் அதில் ஒரு பாலர் வகுப்பு நடத்தியது. நாலு வயசு, ஐந்து வயசுப் பிள்ளைகள். கோமதிதான் டீச்சர்.

அவள் வகுப்பு எடுக்கும்போது வெளியே நின்று கேட்டிருக்கிறேன். முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும். உள்ளே ஒரே கூச்சலாக இருக்கும். நடுவில் அவள் குரல் மட்டும் கூச்சல் போடாமல் கேட்கும். அது எப்படி என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எங்களுக்கு ஒரே மகள், மீனா. அவளும் அதே வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் கோமதிக்கு வயிற்றில் வலி ஆரம்பித்தது. கார்த்திகையில் சென்னைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் ஆயிற்று. கட்டியை எடுத்தாயிற்று, இனி மருந்து மாத்திரைதான் என்று என்னிடம் சொன்னார்கள். தை பிறந்தபோது மறுபடி படுத்துவிட்டாள். இந்த முறை நெய்வேலியிலேயே ஆசுபத்திரியில் சேர்த்தோம்.

பிடித்து வைத்த இடம்

சேர்த்த மறுநாளே கட்டிலில் இருந்தபடி சொன்னாள்.

"செயலாளரம்மா வந்துட்டுப் போனாங்க. சித்திரை லீவு வரைக்கும் வகுப்பு நிக்காம நடந்தா எடம் எனக்குத்தானாம். பங்குனியில வந்து பாப்பாங்களாம். நின்னுபோச்சுன்னா ஆனியில வேற ஆளப் போட்டுருவாங்க."

"வேற ஆளு யாரு நடத்துவா இப்ப?"

"நீங்கதான்."

"நானா? வெளையாடுதியா கோமு?"

"கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க. தெனம் காலையில ரெண்டு மணி நேரம். எனக்காகச் செய்ய மாட்டீங்களா?"

இடம் இருந்தால் அவள் எழுந்து வருவாள். எனக்கு அப்படித்தான் பட்டது. இடம் போய்விட்டால் எதற்காக எழுந்து வருவாள்? மனுஷ மனசு நோயைவிட இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. அன்று சாயங்காலமே பிள்ளையாரிடம் போய், வகுப்பை நான் விடமாட்டேன், அவளை நீ விடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஷிப்டை என்ன செய்வது? பக்கத்து குவார்ட்டர்ஸ் கலியபெருமாள்தான் வழி சொன்னான். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், என்னோடு ஒரே பெல்ட்டில் வேலை.

"அண்ணே, நைட்டெல்லாம் நீ பாத்துகினு இரு. பகல நான் பாத்துக்கறேன். உனக்குப் பள்ளிக்கூடம், எனக்குத் தூக்கம். சூப்பர்வைசர்கிட்ட நான் பேசறேன். பாப்பா ராவுல எங்க வூட்லயே படுத்துக்கட்டும், சரோஜா பாத்துக்குவா."

சரோஜா அவன் மனைவி. நான் சொன்ன முன்வரிசைப் பயல் அவர்கள் மகன் குமார்.

சுரங்கத்தில் விஷயம் பரவிவிட்டது. "வாத்தியாரே, இன்னிக்கு ஆனாவா, ஆவன்னாவா?" என்று பெல்ட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூவுவார்கள். "மூக்கு ஒழுகினா யாரு தொடப்பாங்க வாத்தியாரே, நீயா, அதுங்களா?" நானும் சிரித்துவைப்பேன்.

உண்மையில் பதில் எனக்கே தெரியாது. முதல் நாள் வகுப்பில் நான் வாயைத் திறந்ததும் நாலு பிள்ளைகள் அழுதன.

"நின்னுகிட்டே பேசுனா அதுகளுக்கு உங்க முழங்கால்தான் தெரியும்," என்றாள் கோமதி, ஆசுபத்திரியில் போய்ச் சொன்னதும். "கீழ உக்காருங்க."

பூப் பறிக்கும் சட்டம்

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மானாவாரிக் காட்டில் கம்பும் பருத்தியும் போட்டவர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பூப் பறிப்பதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. குளிக்காமல் செடியைத் தொடாதே. நகம் படாமல் கிள்ளு. தரையில் விழுந்தது சாமிக்கு ஆகாது. பறித்த பூவை இடுப்புக்குக் கீழே இறக்காதே.

எல்லாவற்றுக்கும் மேலே, முகர்ந்துவிடாதே. முகர்ந்துவிட்டால் அந்தப் பூவை நீ சாப்பிட்டுவிட்டாய் என்று அர்த்தம். மிச்சத்தைச் சாமிக்குப் போடுவாயா?

சின்ன வயசில் ஒரு தரம் மல்லிகை மொட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்பா அடிக்கவில்லை. கூடை முழுவதையும் வாய்க்காலில் கொட்டிவிட்டு மறுபடி போய்ப் பறித்துக்கொண்டு வந்தார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

நெய்வேலிக்கு வந்தும் அந்தச் சட்டத்தை நான் விடவில்லை. குவார்ட்டர்ஸ் முன்னால் செம்மண்ணில் ஒற்றைச் செம்பருத்தி, நந்தியாவட்டை, வேலியில் சங்குப்பூ. இலையெல்லாம் எப்போதும் ஒரு பொடி படிந்திருக்கும். பூவை மட்டும் இரண்டு தண்ணீர் அலசி எடுப்பேன். எந்த ஷிப்டாக இருந்தாலும் பொழுது விடியும் நேரத்தில் அல்லது நைட் முடிந்து வந்து குளித்தவுடன், ஒரு பூ பாக்கியில்லாமல் பறித்து முருகன் படத்துக்குப் போட்டுவிட்டு, மீதியைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுத்துவிடுவேன். அதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு.

இப்படிப்பட்டவனிடம்தான் கோமதி சொன்னாள்: "பங்குனியில அவங்க வரும்போது பூவோட பாகம் நடக்கணும். மொத செடி, அப்புறம் பூ. பிள்ளைங்க கையில பூவக் குடுத்துக் கேப்பாங்க."

ஆசுபத்திரியில் நான் படித்த பாடம்

பார்வையாளர் நேரத்தில் போவேன். ஒரு நாள் கோமதி, ஆசுபத்திரித் தோட்டத்தில் உதிராமல் இருந்த ஒரு செம்பருத்தியை வார்டு ஆயாவிடம் சொல்லிப் பறித்து வைத்திருந்தாள்.

"இது என்ன, சொல்லுங்க."

"பூ."

"அது குமாருக்கே தெரியும். இந்தப் பச்சைக் கிண்ணம்?"

"காம்பு."

"காம்பு இல்ல. புல்லி. மொட்டா இருக்கயில மூடி வச்சிருந்தது இதுதான். பிள்ளைங்களுக்கு மொதல்ல பச்சைச் சட்டைன்னு சொல்லுங்க, அப்புறமா புல்லின்னு சொல்லுங்க. செவப்பா இருக்கறது அல்லி. நடுவுல நீட்டிக்கிட்டு நிக்குதே, அதுல வெரல வைங்க."

வைத்தேன். மஞ்சளாக ஒட்டிக்கொண்டது.

"அது மகரந்தம்."

எத்தனை வருஷமாக அந்த மஞ்சளை வேட்டியில் துடைத்திருக்கிறேன். அதற்கு இவ்வளவு அழகான பெயர் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு, சூலகம். அடியில, உள்ளுக்குள்ள. பிச்சாத்தான் தெரியும். பிய்ங்க."

என் கை தானாகப் பின்னால் போயிற்று.

"சாமிக்குப் போற பூவ எப்படிப் பிய்க்க?"

"இது சாமிக்குப் போகல. ஆசுபத்திரிப் பூ."

"இருந்தாலும் பூதான?"

"என் வயித்தத் தொறந்து பாத்த பொறவுதான் உள்ள என்ன இருக்குன்னு டாக்டருக்கே தெரிஞ்சிது. பூவுக்கு மட்டும் வெளிய இருந்தே தெரியுமாக்கும்?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளே வழியும் சொன்னாள். "தரையில விழுந்தது சாமிக்கு ஆகாதுன்னு விட்டுட்டுத்தான வாறீங்க? அதப் பொறுக்கிட்டுப் போங்க. பிச்சா பாவம் சேராது."

அப்படித்தான் செய்தேன். உதிர்ந்த பூவை நான் பிய்த்துக் காட்டுவேன். நல்ல பூவைப் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். பாடம் முடிந்ததும் வரிசையாகப் போய் அந்தப் பூவைப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். பிறகு அது சாமிக்குப் போகிற பூ ஆயிற்றே! கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: "யாரும் மோந்து பாக்கக் கூடாது. மோந்தா சாமிக்கு ஆகாது."

பள்ளிக்கூடத்தில் பூவின் பாடம் நடத்திக்கொண்டு முகராதே என்று சொன்ன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்றைக்கு அது எனக்கு முரணாகவே படவில்லை.

காய் எங்கே?

செடியின் பாகத்துக்குக் கோமதி ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும். கால் வேர். உடம்பு தண்டு. விரித்த கை இலை. தலை பூ. காற்று அடிக்கிறது என்று சொன்னால் ஆடவேண்டும்.

ஆடி முடிந்ததும் குமார் கேட்டான்: "சார், காயி எங்க சார்?"

எல்லாப் பிள்ளைகளும் தங்கள் உடம்பில் காயைத் தேட ஆரம்பித்துவிட்டன. ஒரு பெண் மூக்கைக் காட்டியது. ஒன்று வயிற்றைக் காட்டியது. எனக்கும் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன்," என்று தப்பித்தேன்.

கோமதியிடம் கேட்டேன்.

"சூலகம்தான் காயாகும். கத்தரிப் பூ காயாகறதப் பாத்ததே இல்லையா? காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைதான நீங்க?"

"அது காய்கறி. இது சாமிப் பூ."

"சாமிப் பூவுக்கும் உள்ள அதேதான் இருக்கு. செம்பருத்தி காய்க்கறது அபூர்வம். சங்குப்பூ நல்லாக் காய்க்கும். நம்ம வேலியில காய் பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"எப்படிப் பாப்பீங்க? விடிஞ்சா ஒண்ணு விடாம பறிச்சிருதீங்க. நம்ம வீட்டுச் செடி எதுக்கும் காய்க்கக் குடுத்து வைக்கல."

மறுநாள் காலையில் ஒரு சங்குப்பூவின் காம்பில் வெள்ளை நூல் கட்டினேன். பறிப்பதில்லை என்று அடையாளம். பழக்கத்தில் கை அதன் பக்கம் போய்ப்போய்த் திரும்பியது. படத்துக்கு முன்னால் நின்று, "அப்பனே, இது ஒன்று மட்டும் கோமதிக்கு," என்று சொன்னேன். சாமிக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

பூ சுருண்டு கறுத்தது. சில நாளில் அதன் அடியிலிருந்து பச்சையாக ஒரு நாக்குப்போல நீட்டிக்கொண்டு வந்தது. பிறகு சின்ன அவரைக்காய்போல ஆயிற்று. வகுப்பு முழுவதையும் எங்கள் வேலிக்குக் கூட்டி வந்து காட்டினேன். எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள்.

மீனா என்னிடம் அதிகம் பேசமாட்டாள். அம்மாவிடம் போய் முணுமுணுப்பாள், அவ்வளவுதான். அன்று மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, காயில் விரலை வைத்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இதுக்குள்ள என்ன சார்?"

குமார் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏய், அது உங்க அப்பாடி! அப்பாவப் போயி சார்ங்கற!"

"பள்ளிக்கூடத்துல சார்தான்," என்றாள் மீனா.

"உள்ள வெதை இருக்கு. ஒவ்வொரு வெதையிலயும் ஒரு செடி தூங்குது," என்றேன். எங்கிருந்து அப்படிச் சொல்ல வந்ததோ தெரியாது.

"எப்ப எந்திரிக்கும்?"

"மண்ணுல போட்டுத் தண்ணி ஊத்துனா எந்திரிக்கும்."

இவ்வளவு நேரம் அவளோடு அதற்கு முன்னால் நான் பேசியதில்லை.

செயலாளரம்மா வந்த நாள்

இனி முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

ஒரு கையும் மடங்காமல் போனதும் செயலாளரம்மா என் பக்கம் திரும்பினார். பெரிய அதிகாரி வீட்டு அம்மா. கண்டிப்பானவர் என்று பிளாக்கில் பேச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் குமார் எழுந்து நின்றுவிட்டான்.

"மோந்தா சாமிக்கு ஆவாது டீச்சர்."

"யார் சொன்னது?"

"சாருதான் சொன்னாரு. மோந்துட்டா நாம துன்னுட்ட மாதிரி. அப்புறம் புள்ளையாரு எச்ச துன்னணும்."

குழந்தைகள் எல்லாம் தலையாட்டின. "பாடம் முடிஞ்சா இந்தப் பூவ கோயிலுக்குக் கொண்டுபோவோம்மா. அதனால..." என்று இழுத்தேன். அந்த அம்மாவின் கையிலும் ஒரு பூ கொடுத்திருந்தோம். அதை மூக்குக்குப் பக்கத்தில் பாதி தூரம் கொண்டுபோயிருந்தவர், அப்படியே மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி. மோக்க வேண்டாம். பேர் சொல்லுங்க. இது?"

"புல்லி!" கூரை அதிர்ந்தது.

"இது?"

"அல்லி!"

"இந்த மஞ்சள்?"

"மகரந்தம்!"

"உள்ள?"

"சூலகம்!" என்று கத்திவிட்டு, கேட்காமலே மேலே சொன்னான் குமார். "அதான் காயாவும். சாரு வூட்டு வேலியில ஒண்ணு பறிக்காம வெச்சிருக்காரு, நூல் கட்டி."

கடைசி வரிசையிலிருந்து மீனாவின் குரல் வந்தது. "அது எங்க அம்மாவுக்கு."

செயலாளரம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். வெளியில் பாரம் ஏற்றிய லாரி போயிருந்தது. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். புறப்படும்போது வாசலில் நின்று, "கோமதிகிட்ட சொல்லுங்க. வகுப்பு நல்லா நடக்குதுன்னு நான் சொன்னதா சொல்லுங்க," என்றார்.

இடம் கிடைத்துவிட்டது! பிள்ளைகளை வரிசையில் விட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தோம். பாதி வழியில் மீனா கடைசியிலிருந்து ஓடிவந்து என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். நான் விரலை ஆட்டாமல் நடந்தேன்.

சாயங்காலம்

தூங்கவில்லை. பார்வையாளர் நேரம் ஆரம்பிக்கும் முன்பே போய் வாசலில் நின்றுவிட்டேன்.

கோமதி இளைத்து, கட்டிலோடு கட்டிலாக இருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். "புள்ளையாரு எச்ச துன்னணும்" என்பதைக் குமார் மாதிரியே சொல்லிக் காட்டினேன். தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ போதும், வலிக்கி," என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சிரித்தார்.

"மீனா என்ன செஞ்சா?"

சொன்னேன்.

"வெரலப் புடிச்சாளா?"

"சுண்டுவிரல."

"அவளா வந்து புடிச்சாளா?"

"அவளாத்தான்."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

இன்னொரு தரம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்த எடம் எனக்கு இல்ல."

"என்ன சொல்லுத? அந்தம்மா வாயாலயே சொல்லிட்டுப் போறாங்க."

"தை மாசமே நான்தான் வேண்டாம்னுட்டேன். ஆனியில வேற பிள்ளை டீச்சரா வருது. அதுவரைக்கும் மூடி வைக்கத்தான் இருந்தாங்க. கெஞ்சி உங்கள விடச் சொன்னது நான்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள மனசு ஒப்பவில்லை என்பதுதான் சரி.

"டாக்டர் உங்ககிட்ட பாதிதான் சொன்னாரு. மீதிய நான் கேட்டு வாங்கிட்டேன்."

"பின்ன எதுக்கு கோமு... என்ன எதுக்கு அங்க..."

"மீனாவுக்கு உங்களத் தூங்குற ஆளாத்தான் தெரியும். அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்திருக்காங்க, சத்தம் போடாதன்னு சொல்லிச் சொல்லி வளத்தாச்சு. உங்களுக்கும் ஒரு பிள்ளைகிட்ட என்ன பேசன்னு தெரியாது. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுல எப்படி இருப்பீங்க? இத வாய்விட்டுச் சொன்னா உக்காந்து அழுவீங்க. எடம் போயிரும்னு சொன்னா போவீங்க. போனீங்கல்ல?"

என் கை அவள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. அதன்மேல் தன் கையை வைத்தாள். எடையே இல்லை அந்தக் கைக்கு.

"இப்ப உங்களுக்குப் பேச வந்திருச்சு. அது போதும் எனக்கு."

மணி அடித்துவிட்டார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். எங்கள் பிளாக் பஸ் வந்தது, போயிற்று. அடுத்ததும் வந்தது. ஏறத் தோன்றவில்லை. முருகனிடம் என்ன கேட்பது என்றுகூட அன்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம்

சித்திரைக் கடைசியில் கோமதி போனாள். வீட்டில்தான், அவள் கேட்டபடி.

ஊரிலிருந்து வந்தவர்கள் காரியம் முடியும்வரை இருந்தார்கள். மீனாவைத் தங்களோடு அனுப்பச் சொன்னார்கள். "ஆம்பள ஒத்தையில, ஷிப்ட் வேலையில, பொட்டப் பிள்ளைய என்ன செய்வ?" என்று என் அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். "இருக்கட்டும் அக்கா," என்று மட்டும் சொன்னேன். போகும்போது அக்கா மீனாவைக் கட்டிக்கொண்டு, அம்மா சாமி கும்பிடப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுகிற பிள்ளையிடம் வேறென்ன சொல்வாள்?

கலியபெருமாள் இப்போது நைட்டைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு இரண்டாவது ஷிப்ட். நான் கிளம்பினால் சரோஜா வந்து பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு.

அக்கா போன மறுநாள் மத்தியானம். யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு டிபன் கேரியரைத் தேடிக்கொண்டிருந்தேன். மீனா கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா எப்ப வருவா?"

தேடுவதை விட்டுவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"வரமாட்டா கண்ணு."

"அத்தை சொன்னாங்களே, சாமி கும்பிட்டுட்டு வந்துருவான்னு."

"அத்தைக்கு உன்னப் பாத்துச் சொல்லத் தாங்கல. அம்மா செத்துப்போயிட்டா. செத்தவங்க வரமாட்டாங்க."

அந்த வார்த்தையை வீட்டில் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டா."

"தீபாவளிக்கு?"

"தீபாவளிக்கும் இல்லம்மா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு அவள் உதடு கோணியது. அழ ஆரம்பித்தாள். அம்மா படுத்த நாளிலிருந்து அவள் தேம்பித்தான் பார்த்திருக்கிறேன். இது அப்படியில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். நைட் முடித்துவிட்டு ஆட்கள் தூங்குகிற வரிசை அது. மத்தியானத்தில் பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல்தான் வைப்பார்கள்.

கலியபெருமாள் லுங்கியோடு எழுந்து வேலியோரம் வந்து நின்றான். உள்ளே ஒரு தரம் பார்த்தான். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

அழாதே என்று நான் சொல்லவில்லை. இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். காக்கிச் சட்டை முன்பக்கம் பூராவும் நனைந்தது.

முனையில் ஷிப்ட் பஸ் வந்து ஹாரன் அடித்தது. எனக்காகக் கொஞ்சம் நின்று இன்னொரு தரம் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.